விசாரணைப் பள்ளம்

மூங்கிலாற்றுக் காட்டில் செந்நாய்கள்தாம் காவல் படை. அவற்றின் தலைவன் செவலை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது நடந்து வந்தால் போதும், கரையில் இருக்கும் நண்டுகூட வளைக்குள் ஓடிவிடும். அதில் செவலைக்கு ஏகப் பெருமை!

"பாத்தியா கூரா! இந்த மழைக்காலம் பூரா ஒரு புகார்கூட வரல. காடு அவ்வளவு ஒழுங்கா இருக்கு!" என்று துணைத் தலைவன் கூரனிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தது.

"எல்லாம் உங்க திறமைதான் தலைவரே!" என்றது கூரன். பாவம், அது வேறு என்ன சொல்லும்?

புகார் வராததற்குக் காரணமே வேறு. காவல் குகைக்குப் பின்னால் ஓர் ஆழமான பள்ளம் இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ யானை பிடிக்க வெட்டியது. செவலை அதற்கு 'விசாரணைப் பள்ளம்' என்று பெயர் சூட்டியிருந்தது. யார் என்ன சேதி கொண்டுவந்தாலும் முதலில் அதற்குள் இறங்க வேண்டும்! விழுந்தால் தானாக ஏறி வர முடியாது.

ஒருமுறை கௌதாரியின் முட்டைகளை உடும்பு திருடித் தின்றது. அதைப் பார்த்த மிளகி என்ற முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது. "சத்தியமா ஒண்ணும் செய்ய மாட்டேன், சொல்லு" என்று செவலை சொன்னதை நம்பி எல்லாவற்றையும் சொன்னது.

"இவ்வளவு சரியாச் சொல்றியே, அப்ப நீயும் அங்கதானே இருந்திருக்க? உனக்கு அங்க என்ன வேலை? இறங்கு உள்ள!" என்று செவலை உறுமியது.

முயல் இரண்டு நாள் உள்ளே கிடந்தது. உடும்போ ஏப்பம் விட்டபடி பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது! அன்று முதல் காடு முழுவதும் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டது. "நான் எதையும் பாக்கலைங்க!"

இப்படி இருக்கையில், ஒருநாள் முற்பகலில் மலைமேல் கன்னங்கரேலென்று மேகம் திரண்டது. ஆற்றில் செந்நிறமாகப் புது வெள்ளம் இரைந்து வந்தது. அப்போதுதான் செவலைக்குத் தெரிந்தது, தன் ஒரே மகள் பொட்டுவைக் காணவில்லை!

"பொட்டு! அடியே பொட்டு!"

பதில் இல்லை. மோப்பம் பிடிக்கலாம் என்றால் தூறல் வாசனையைக் கழுவிவிட்டது. செவலை மரத்தடிக்கு ஓடியது. மேலே கருமந்தி உட்கார்ந்திருந்தது.

"ஏ மந்தி!"

"நான் எதையும் பாக்கலைங்க!"

"நான் இன்னும் எதையும் கேக்கவே இல்லையே!"

மந்தி சட்டென்று ஓர் இலையைப் பறித்து முகத்தை மறைத்துக்கொண்டது. காட்டெருமையிடம் கேட்டால், "நான் குனிஞ்சு மேஞ்சுக்கிட்டு இருந்தேனுங்க" என்றது. ஆனால் எல்லோருடைய கண்களும் ஒருமுறை ஆற்றுப் பக்கம் போய், திடுக்கிட்டுத் திரும்பின. தெரியும்! எல்லோருக்கும் தெரியும்!

"சொல்லலைன்னா எல்லாரையும் பள்ளத்துல தள்ளிடுவேன்!" என்று செவலை கத்தியது.

அவ்வளவுதான். அரைகுறையாகத் திறந்திருந்த வாய்களும் இறுக மூடிக்கொண்டன. புதரோரம் மிளகியின் மீசை மட்டும் படபடவென்று துடித்தது. செவலை அதன் அருகே போய், வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தியது.

"மிளகி, உனக்குத் தெரியும். சொல்லிடு."

"போன தடவயும் தெரிஞ்சதைத்தாங்க சொன்னேன்" என்றது மிளகி. "நான் உள்ள கிடந்தப்ப என் குட்டிங்க பாலுக்கு அழுதுச்சுங்க. இப்ப உங்க பொண்ணு எங்கன்னு சொன்னா, 'நீதானே கூட்டிக்கிட்டுப் போன'ன்னு கேப்பீங்க. கேக்க மாட்டீங்களா?"

செவலை வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டது. அதே கேள்விதான் அதன் நாக்கு நுனியில் வந்து நின்றிருந்தது! வெட்கத்தில் அதன் காதுகள் தாழ்ந்தன.

"சத்தியமா உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்!"

"அப்படித்தாங்க போன தடவயும் சொன்னீங்க!" என்றது மந்தி மேலேயிருந்து.

ஆற்றின் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. செவலை சட்டென்று திரும்பி ஓடியது. எங்கே? பள்ளத்தை நோக்கி! எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொப்பென்று உள்ளே குதித்துவிட்டது!

"தலைவரே! என்ன இது? புள்ளையத் தேட வேணாமா?" என்று கூரன் அலறியது.

"தேடத்தான்டா குதிச்சேன்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "எல்லாரும் கேளுங்க! நீங்களாப் பாத்துத் தூக்கிவிட்டாத்தான் நான் இனிமே வெளிய வர முடியும். கூரா, சேதி சொல்றவங்க மேல ஒரு நகம்கூடப் படக் கூடாது. மிளகி சொல்ற இடத்துக்கு ஓடு!"

மிளகி ஒரு துள்ளுத் துள்ளியது. "கொக்குப் பாறைங்க! ஆத்துக்கு நடுவுல! பட்டாம்பூச்சியைத் துரத்திக்கிட்டுப் போச்சு, வெள்ளம் சுத்தி வளைச்சிருச்சு!"

"நானும் பாத்தேன்! பாறையில பாதி முங்கிருச்சு!" என்று மந்தி கீழே குதித்தது.

"அந்த ஆழம் எனக்குத் தெரியும்! ஏறு மந்தி, என் முதுகுல!" என்று எருமை முக்காரமிட்டது.

தடதடவென்று எல்லோரும் ஆற்றை நோக்கி ஓடினார்கள்!

பள்ளத்துக்குள் செவலைக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு வானம் மட்டும்தான். குளம்படிச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. மந்தியின் கூச்சல் கேட்டது. 'பிடி! பிடி!' என்று கூரன் கத்தியது. பிறகு ஒரு பெரிய 'தொபுக்!' அப்புறம் சத்தமே இல்லை. மழைத்தண்ணீர் கால்களை நனைத்தது. மகளை நினைத்து அந்தப் பெரிய செந்நாய் விம்மி அழுதது. மிளகி இங்கேதானே இப்படிக் கிடந்திருக்கும் என்று நினைத்து இன்னும் அழுதது.

திடீரென்று மேலே ஒரே ஆரவாரம்! பள்ளத்தின் விளிம்பில் நனைந்த சின்ன முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"அப்பா! நீ ஏம்ப்பா உள்ள இருக்க? நீ என்ன தப்பு பண்ணின?"

"உண்மையைச் சொல்ல வந்தவங்களை இதுக்குள்ள போட்டேன்டா கண்ணு" என்றது செவலை. எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னது.

ஒரு காட்டுக்கொடியைப் பள்ளத்துக்குள் விட, செவலை அதைக் கவ்விக்கொண்டது. எருமை மறுமுனையைக் கடித்து இழுத்தது. மந்தி இழுத்தது. கூரனும் இழுத்தது. கடைசியில் மிளகியும் பல்லால் கவ்வி இழுத்தது! மேலே வந்த செவலை மகளை நக்கிக் கொடுத்தது. மிளகியின் முன் தலை தாழ்த்தியது. அடுத்த வேலையாக, பின்னங்கால்களால் பள்ளத்துக்குள் மண்ணைத் தள்ளத் தொடங்கியது. படை முழுவதும் கூடச் சேர்ந்துகொண்டது.

பள்ளம் பாதி தூர்வதற்குள் கௌதாரி பறந்து வந்தது. "ஐயா, என் முட்டையத் தின்ன உடும்பு ஆலமரப் பொந்துலதாங்க இருக்கு!" அதன் பின்னால் அணில், ஆமை, மைனா என்று ஆளாளுக்கு ஒரு சேதியோடு வந்து நின்றார்கள்.

"ஐயையோ தலைவரே! இத்தனை புகாரா? காடு கெட்டுப் போச்சே!" என்று கூரன் தலையில் முன்னங்காலை வைத்தது.

"போடா முட்டாள்! இப்பத்தான்டா காடு நம்மகிட்டப் பேசுது!" என்று சிரித்த செவலை, உடும்பைத் தேடி உற்சாகமாக ஓடியது.

உண்மையைச் சொல்ல வருகிறவர்களைக் காவல் முதலில் நம்பினால்தான், காவலை ஊரும் நம்பும்.