சென்செய் என்று கூப்பிடவும்

"என்னை இனிமே குன் போட்டுக் கூப்பிடாதீங்க," என்றார் நாகனுமா.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. எதிரே உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த குரு மியோஷுனுக்கு நாற்பத்தொன்று. மலை மேலிருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அந்த அம்மாள்தான் தலைவி.

"ஏன், நாகனுமா-குன்?"

"குன் எல்லாம் பொடிப்பயல்களுக்கு."

ஜப்பானில் பெயரை மொட்டையாகச் சொன்னால் ஒன்று ரொம்ப நெருக்கம், இல்லை ரொம்ப அவமரியாதை. அதனால் பின்னால் ஏதாவது ஒன்று ஒட்ட வேண்டும். பொதுவாக எல்லோருக்கும் சான். சாமிக்கும் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கும் சாமா. வாத்தியார், டாக்டர் என்றால் சென்செய். பையன்களுக்கும் கைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் குன். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் 'அவர்கள்' விட்டுப்போனால் பெரியப்பா மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அவர்களுக்கு இது தினப்படி விவகாரம்.

மடத்தில் வயதுக்கு மதிப்பில்லை. முதலில் வந்தவர் மூத்தவர், அவ்வளவுதான். நாகனுமா மனைவி இறந்த பிறகு வந்து சேர்ந்தவர், ஏழு மாதம்தான் ஆகிறது. சமையல் பார்க்கும் எஷினுக்கு முப்பது வயது. அவளும் அவருக்கு மூத்தவள்.

"நாகனுமா-குன், சாதம் அடிப்பிடிக்குது, மூக்கு எங்க போச்சு?" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள்.

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சென்செய்யாக இருந்த மனிதருக்கு அது எப்படி இருக்கும்?

"சரி, எப்படிக் கூப்பிடணும்? சொல்லு," என்றார் குரு.

நாகனுமா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முத்து முத்தான கையெழுத்து.

மடத்தில் இருப்பவர்கள்: சென்செய்.

வெளியாட்கள்: நாகனுமா சென்செய்.

தபால் உறையில்: சாமா என்றாலும் பரவாயில்லை.

தாத்தா என்று யாரும் கூப்பிடக் கூடாது.

குரு இரண்டு தடவை படித்தார். சோற்றுப் பருக்கையைத் தடவித் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டினார். பிறகு தலை குனிந்து வணங்கினார்.

"ஆகட்டும், சென்செய்."

அன்றிலிருந்து எல்லாம் மாறியது. சாப்பாட்டு அறையில் சென்செய்க்குரிய இடம் வாசலிலிருந்து தொலைவில், உள்சுவர் ஓரம். மரியாதைக்குரிய இடம். அடுப்பின் சூடு அங்கே எட்டாது. ஐப்பசிக் குளிரில் அவர் அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாதம் அடிப்பிடித்தால் எஷின் ஓடி வந்து தானே இறக்கினாள். யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அவரோடு சிரிக்கவும் இல்லை. அவர் தலையைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார்.

"இங்க யாரும் என்கிட்ட பேச மாட்டேங்கிறாங்க," என்றார் குருவிடம்.

"நீங்க கேட்டதைத்தானே செய்றாங்க, சென்செய்?"



அந்த வாரம் ஒரு கடிதம் வந்தது. நாகனுமா அதைப் படித்துவிட்டு நேரே குருவின் அறைக்குப் போனார்.

"என் பொண்ணு எழுதியிருக்கா. அவ அம்மாவோட ரெண்டாம் வருஷ நினைவு நாளுக்கு இங்க வர்றாளாம்."

"நல்ல விஷயம்தானே?"

"இதைப் பாருங்க."

'மதிப்பிற்குரிய நாகனுமா சென்செய்க்கு' என்று தொடங்கியிருந்தது கடிதம்.

"பட்டியல்ல இருக்கிற மாதிரிதான் எழுதியிருக்காங்க," என்றார் குரு.

"அவ என் பொண்ணு! அப்பான்னு எழுத வேண்டாமா? நான் சாகுறதுக்குள்ள ஒரு தடவை அவ என்னை அப்பான்னு கூப்பிடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"எப்போ நிறுத்தினாங்க?"

நாகனுமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒன்பது வயசுல."

குரு கடிதத்தை மடித்து வைத்தார்.

"நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துலதான் படிச்சா. வாத்தியார் பொண்ணுன்னு சலுகை காட்டுறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதில்லையா? கேட்டுக்குள்ள வந்துட்டா நான் சென்செய், நீ நாகனுமா-சான்னு சொல்லி வச்சிருந்தேன். ஒருநாள் மைதானத்துக் கம்பியிலேருந்து விழுந்துட்டா. கை முறிஞ்சிடுச்சு. நான் ஓடினேன். அப்பா, அப்பான்னு கத்தினா."

"தூக்கினீங்களா?"

"எல்லாப் பிள்ளைங்களும் சுத்தி நின்னாங்க. இங்க நான் யாருன்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"சென்செய்னு சொன்னா. தூக்கினேன்."

"சொல்ற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அதிகமில்லை," என்றார். பிறகு, "மூணு, நாலு நிமிஷம் இருக்கும்," என்றார்.

இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்கத் தோன்றும். இருந்தார். நல்ல வாத்தியார் என்று பள்ளியில் பாராட்டுப் பத்திரம் கூடக் கொடுத்தார்கள்.

"அதுக்கப்புறம் வீட்டுலயும் சென்செய்தான். அவ அம்மா சவத்துக்கு முன்னாடி நின்னு, 'ஆழ்ந்த வருத்தம், சென்செய்'னு என்கிட்ட சொன்னா. ஊர்க்காரங்க சொல்ற மாதிரி." அவர் குருவின் முன் நெற்றி தரையில் பட விழுந்தார். "நீங்க சொன்னா கேட்பா. அப்பான்னு கூப்பிடச் சொல்லுங்க."

குரு எழுந்து போனார். சுவரிலிருந்த பட்டியலோடு திரும்பி வந்தார். அதை அவர் முன்னால் விரித்து, பேனாவை மேலே வைத்தார்.

"நீங்க உங்களுக்கு எழுதின மாதிரி, உங்க பொண்ணுக்கும் எழுதுங்க. அவங்களை எப்படிக் கூப்பிட்டா அவங்களுக்குப் பிடிக்கும்?"

நாகனுமா பேனாவை எடுத்தார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

நினைவு நாளன்று ஷிஹோ வந்தாள். முப்பத்தெட்டு வயது. கறுப்பு உடை, காதோரம் லேசாக நரை. அம்மாவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றினாள். கை கூப்பி நெடுநேரம் கண்ணை மூடியிருந்தாள்.

மந்திரம் முடிந்தது. எல்லோரும் தேநீர் குடித்தார்கள்.

"உடம்பு எப்படி இருக்கு, சென்செய்?"

"பரவாயில்லை."

"குளிருக்கு நல்லாப் போர்த்திக்கோங்க, சென்செய்."

குறை சொல்ல ஒன்றுமில்லை. அவ்வளவு மரியாதை. நாகனுமா கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தடவை கோபப்பட்டுக் கத்தினால் கூடத் தேவலை என்று இருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பினாள். தூறல் போட்டது. அவள் குடையை விரித்தாள். அவர் மட்டும் வாசல் வரை கூட வந்தார்.

"ஷிஹோ."

அவள் சட்டென்று நின்றாள். முதுகு நிமிர்ந்தது. குடை பிடிக்காத கை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது.

"சொல்லுங்க, சென்செய்."

ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிடும்மா என்று கேட்கத்தான் வந்திருந்தார். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்தார். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளை அப்படித்தான் நிற்கும்.

"உன்னை..." என்று தொடங்கினார். நிறுத்தினார். "உங்களை நான் எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்?"

ஷிஹோ அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜமாவா கேட்கிறீங்க, சென்செய்?"

"ஆமாம்."



"ஓகுரா-சான்னு கூப்பிடுங்க, சென்செய்," என்றாள்.

ஓகுரா அவள் கணவன் வீட்டுப் பெயர். பக்கத்து வீட்டுக்காரரும் தபால்காரரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஷிஹோன்னு நீங்க கூப்பிட்டா இன்னமும் முதுகு தானா நிமிர்ந்துக்குது," என்றாள். "எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்னு தோணுது. ஓகுரா-சான்னு கூப்பிட்டு இதுவரைக்கும் யாரும் என்னைப் பயமுறுத்தினதில்லை, சென்செய்."

நீ என் பொண்ணு, நான் வைத்த பேர் அது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது நாகனுமாவுக்கு. கண்ணில் நீர் கட்டிவிட்டது. அதை அவள் பார்க்கக் கூடாதென்று தலையைக் குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே இடுப்பு வரை வளைந்து வணங்கினார். முன்பின் தெரியாத ஒருவரை வணங்குவது போல, முறைப்படி.

"ஓகுரா-சான்," என்றார். "படி வழுக்கும். பார்த்துப் போங்க."

அவளது கை தளர்ந்தது. குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரிங்க," என்றாள். "நீங்களும் நனையாதீங்க."

இருபத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் அதோடு சென்செய் சேர்க்கவில்லை. வேறெதுவும் சேர்க்கவும் இல்லை.