குவளைக்கு ஒரு மணி

டணார், டணார் என்று ஒரு வெண்கல மணிச் சத்தம். வெகு காலத்துக்கு முன்னால் கூடல்வாய் என்ற நகரத்தில் கேட்ட சத்தம் அது. கேட்டவர்கள் போய்விட்டார்கள். நகரமும் போய்விட்டது. சத்தம் மட்டும், இந்தக் கதையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் முதலில் வந்து காதில் நின்றுகொள்கிறது.

சின்னவர்களே, சின்னவர்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கும் பெரியவர்களே, கேளுங்கள்.

கூடல்வாயை ஓர் அரசன் ஆண்டான். அவனுக்குப் பட்டங்கள் நிறைய. எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்பதால், நாம் அவனை அரசன் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு கோடையில் முனிவர் ஒருவர் அந்த வழியே வந்தார். அரண்மனையில் மோர் குடித்தார். "பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே தொண்டு செய்யப் பழக்குங்கள். குடும்பத்தோடு செய்யுங்கள்" என்றார். எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். நல்ல வார்த்தை. நல்ல வார்த்தைகளுக்குப் பின்னால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அத்தனை வேகமாகப் போயிருக்கமாட்டார்.

மறுநாள் ஊரெங்கும் பறை அறைந்தார்கள். கோடையில் கிழக்கு வாசலில் பிள்ளைகளோடு தண்ணீர்ப் பந்தல் வைக்கும் குடும்பங்களில், சிறந்த குடும்பத்துக்குத் தேர்த் திருவிழாவில் வடத்தை முதலில் தொடும் உரிமை கிடைக்கும். குடும்பத் தலைவனுக்குத் 'தாகந்தீர்த்தான்' என்ற பட்டமும் கிடைக்கும். விதிகள் மூன்று. தண்ணீரைப் பிள்ளைகள் கையால்தான் கொடுக்கவேண்டும். பந்தலிலேயே நின்று குடிக்கவேண்டும். ஒவ்வொரு குவளைக்கும் ஒரு மணி அடிக்கவேண்டும்.

தொண்டு என்றால் ஊருக்குக் கேட்கவேண்டாமா?

ஒரே வாரத்தில் கிழக்கு வாசலில் பந்தல்கள் முளைத்தன. எல்லாம் கோட்டைச் சுவரை ஒட்டி, ஆலமர நிழலில், காற்றோட்டமாக. அதைத் தாண்டினால் கள்ளிக்காடு. அரை நாள் நடந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காத காடு. நாக்கு வறண்டு மனிதர்கள் விழுந்தது அங்கேதான். ஆனால் அங்கே பந்தல் வைத்தால் யார் வந்து பார்ப்பார்கள்?

குடிதண்ணீர்க் கிணறு ஊரின் மேற்குக் கோடியில் இருந்தது. அங்கிருந்து பணியாட்கள் குடம் குடமாகச் சுமந்து வந்தார்கள். அது தொண்டில் சேராது. அவர்களுக்கு அது வேலை.

சீக்கிரமே ஒரு கஷ்டம் வந்தது. பந்தல்கள் நிறைய, தாகம் குறைவு. வாசலைவிட்டு வெளியே வருகிறவர்கள் வீட்டிலேயே குடித்துவிட்டு வந்தார்கள். பிள்ளைகள் குவளையும் கையுமாக நின்று அழுதார்கள். பெற்றோருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அதனால் பூதன் என்ற ஒருவனைத் தாகத்துக்கென்றே வேலைக்கு வைத்தார்கள். காலையில் அவனுக்கு உப்பில் ஊறிய நாரத்தங்காயும் பழைய சோறும் கொடுப்பார்கள். அவன் பந்தல் பந்தலாகப் போய்க் குடிப்பான். மணிகள் முழங்கும். நடுப்பகல் ஆனதும் வயிறு குடம்போல் உப்பி, ஆலமரத்தடியில் சாய்ந்துவிடுவான்.

"தாயே, இனி ஒரு மடக்குக்கும் இடமில்லை" என்பான்.

"எங்க சின்னவன் இன்னும் குடுக்கவே இல்லையே பூதா! அவன் முகத்தைப் பாரு" என்பார்கள்.

பூதன் முகத்தைப் பார்ப்பான். குடிப்பான். அந்தக் கோடையில் கூடல்வாயிலேயே அதிகமாகத் தொண்டு செய்தவன் அவன்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பந்தல்களில் பெரியது வணிகன் சாத்தப்பனுடையது. மஞ்சள் பட்டில் மேற்கட்டி, வாழைமரம், வெள்ளிக் குவளை. மனைவி உலகம்மை. மகள் நன்முத்துக்கு ஏழு வயது. மகன் வேம்பனுக்கு ஐந்து. தண்ணீர் கொடுப்பதற்குமுன் வேம்பன் தண்ணீரின் பெருமையைப் பாடவேண்டும். அது சாத்தப்பனின் சொந்த யோசனை. வெறும் தண்ணீரை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாமே.

அரசன் நேரில் வந்து பந்தல்களைப் பார்க்கும் நாள் வந்தது. பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து, சீவி, நகை பூட்டி நிறுத்தினார்கள். வெயில் நெருப்பாகக் கொட்டியது.

அந்த வெயிலில், கள்ளிக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். பெயர் மாடத்தி. ஊர் ஊராக உப்பு விற்கிறவள். அவளுடைய கணவன் உடையான் காட்டுப் பாதையின் வளைவில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்துவிட்டான். வாயில் நுரை தள்ளியிருந்தது. பக்கத்தில் கழுதை நின்றது. அவர்களுடைய நாலு வயது மகள், தன் பாவாடையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து, அப்பன் முகத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு பந்தல்தான். மணி இல்லை, அவ்வளவே.

மாடத்தி முதல் பந்தலுக்கு ஓடினாள். "அம்மா, ஒரு குடம் தண்ணி குடுங்க. வீட்டுக்காரர் உசிருக்குப் போராடுறார்."

அங்கே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. "சத்தம் போடாதே. பிள்ளை கையாலதான் குடுக்கணும். தூங்குற பிள்ளையை எழுப்புறது பாவம். எழுந்ததும் தருவான், உக்காரு" என்றார்கள்.

மாடத்தி இரண்டாவது பந்தலுக்கு ஓடினாள். அங்கே இரட்டைப் பிள்ளைகள் ஒரே குவளையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "யார் முறைன்னு முடிவாகட்டும். ஒருத்தனுக்குக் குடுத்து ஒருத்தனுக்குக் குடுக்கலேன்னா அவன் மனசு என்ன பாடுபடும்!" என்றார்கள்.

மாடத்தி மூன்றாவது பந்தலுக்கு ஓடினாள். அது சாத்தப்பனுடையது.

"ஐயா, காட்டு வளைவுல என் வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்கிறார். பிள்ளை பக்கத்துல இருக்கு. ஒரு குடம் தாங்க. ஊத்திட்டுக் குடத்தைத் திருப்பிக் கொண்டாந்துடறேன்."

"ஐயோ பாவம், கேக்கவே மனசு கலங்குது" என்றாள் உலகம்மை. உண்மையாகவே கலங்கியது. மை கரையாமல் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "ஆனா இங்கேயே குடிச்சாத்தான் மணி அடிக்கலாம். அவரைக் கூட்டிட்டு வந்துடேன்."

"நடக்க முடிஞ்சா நான் ஏம்மா ஓடி வரேன்?"

"சரி, நீயாவது குடி. உனக்கும் தாகமாத்தானே இருக்கும்? வேம்பா, இந்த அம்மாவுக்குத் தண்ணி குடு. முதல்ல பாட்டு."

வேம்பன் கை கட்டி நின்றான். "நீரே உயிராம், நீரே அமுதாம்..." அடுத்த வரி மறந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும் மறந்துவிட்டது. மூன்றாம் முறை உலகம்மை உதட்டை அசைத்துக் காட்ட, ஒருவழியாகக் கரை சேர்ந்தான். அதுவரை மாடத்தி காட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கையேந்தினாள். வேம்பன் ஊற்றினான். டணார் என்று மணி அடித்தது. மாடத்தி அதைக் குடிக்கவில்லை. முந்தானையில் ஊற்றி நனைத்துக்கொண்டாள்.

சாத்தப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கக் குடுத்தா துணி நனைக்கிறியா? குழந்தை ஆசையாக் குடுத்ததைக் கீழே கொட்டினா அது மனசு என்ன ஆகும்? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் தொண்டு செய்யவே வெறுத்துப்போகுது. போ!"

நன்முத்து அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அது போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சுடுமே."

"அது நம்ம கவலை இல்லைம்மா. நேரா நில்லு. ராஜா வர்ற நேரம்."

வாசலில் முரசு முழங்கியது. பெரியவர்கள் எல்லோரும் மாலையும் தட்டுமாக ஓடினார்கள். பந்தலில் பிள்ளைகளும் குடங்களும் மட்டும் இருந்தன. மாடத்தி நனைந்த முந்தானையோடு காட்டுப் பக்கம் திரும்பினாள்.

நன்முத்து யோசித்தாள். நல்ல பிள்ளை அவள். சொன்ன விதியை மீறத் தெரியாதவள்.

"பிள்ளை கையாலதானே குடுக்கணும்? நான் பிள்ளை. மணி அடிக்கணும். வேம்பா, மணியை எடு. பந்தல்லதான் குடிக்கணும்..." அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் பட்டு காற்றில் ஆடியது. எட்டிப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று கிழிந்து வந்தது. "இதோ பந்தல். அம்மா, நீங்க குடத்தை எடுத்துக்குங்க. நாங்க கூட வரோம்."

ஆலமரத்தடியில் கிடந்த பூதன் ஒரு கண்ணைத் திறந்தான். "யாரும் பாக்கலை. போங்க. நானும் வருவேன், எழுந்தா வயித்துல தளும்புது" என்றான்.

மாடத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். பின்னால் மஞ்சள் பட்டு ஓடியது. அதற்கும் பின்னால் மணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேம்பன் ஓடினான்.

அரசன் வந்தான். பல்லக்கில் வந்தாலும் வெயில் வெயில்தான். அவனுக்கு உண்மையாகவே தாகம்.

"தண்ணீர்" என்றான்.

சாத்தப்பனின் பந்தலில் குடங்கள் இருந்தன. பிள்ளைகள் இல்லை, மணி இல்லை, பந்தலே பாதிதான் இருந்தது. "இதோ அரசே, ஒரு நொடி" என்று சாத்தப்பன் தூணுக்குப் பின்னால் தேடினான். முதல் பந்தலில் தூங்கிய பிள்ளையைக் கிள்ளி எழுப்பினார்கள். அது வீறிட்டுக் குவளையைத் தூக்கி எறிந்தது. இரண்டாவது பந்தலில் இரட்டையர் குவளையை உடைத்திருந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் எதிரில் நிற்க, அரசன் எச்சில் விழுங்கினான். பெரியவர்கள் கையால் கொடுக்கலாமா, அதற்கு விதியைத் தளர்த்தலாமா என்று அமைச்சர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள்.

அப்போது கள்ளிக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

டணார்.

கொஞ்ச நேரம் கழித்து, டணார்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, டணார்.

எல்லோரும் ஓடினார்கள். அரசனும் பல்லக்கை விட்டு இறங்கி ஓடினான். பாதை வளைவில் உடையான் தலை நனைந்து, கழுதையின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. மாடத்தி அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய சின்னப் பெண்ணும் நன்முத்துவும் மஞ்சள் பட்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நின்றார்கள். கழுதையின் மூக்கு குடத்துக்குள் இருந்தது.

வேம்பன் அரசனை யாரோ என்று நினைத்தான். "மூணு மணி ஆச்சு மாமா. ஒண்ணு அந்த அப்பாவுக்கு, ஒண்ணு இந்தப் பாப்பாவுக்கு, ஒண்ணு கழுதைக்கு. பாட்டு மறந்துபோச்சு. ஆனா யாருமே கேக்கலை."

அரசன் கையேந்தினான். கழுதை விட்டுவைத்ததை நன்முத்து ஊற்றினாள். நாலாவது மணி அடித்தது.

"யாருடைய பிள்ளைகள் இவர்கள்?"

சாத்தப்பன் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "அடியேன் பிள்ளைகள், அரசே. தாகம் இருக்கும் இடத்தைத் தேடிப் போங்கள் என்று நான்தான் அனுப்பினேன்."

"நேரா நில்லுன்னுதானேப்பா சொன்னீங்க?" என்றாள் நன்முத்து.

"குழந்தை, அரசே. வெயிலில் ஏதோ உளறுகிறது."

அரசன் சிரித்தான். அரசன் சிரித்ததால் அமைச்சர்கள் சிரித்தார்கள். அங்கேயே, அந்தக் கள்ளிக்காட்டிலேயே, சாத்தப்பனுக்குத் 'தாகந்தீர்த்தான்' பட்டம் கட்டினார்கள். நீங்கள் வேறு ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தால், நீங்கள் இன்னும் சின்னவர்கள்தான்.

திருவிழாவில் அவன் வடத்தை முதலில் தொட்டான். பட்டைக் கிழித்ததற்காக நன்முத்து வீட்டில் அடி வாங்கினாள். அடுத்த கோடையிலும் பந்தல்கள் அதே ஆலமரத்தடியில்தான். பாட்டு மட்டும் இன்னும் நீண்டது.

உடையான் பிழைத்துக்கொண்டான். மறுநாள் மாடத்தி வந்து, நன்முத்துவின் கையில் ஒரு உப்புக் கட்டியை வைத்து மூடினாள். "எங்ககிட்ட இதான் கண்ணு இருக்கு" என்றாள். அக்காவும் தம்பியும் அதை மாற்றி மாற்றி நக்கினார்கள். அந்தக் கோடையில் அந்த வீட்டுக்குள் வந்த நன்றி அது ஒன்றுதான்.

கேட்டுக்கொண்டீர்களா? பிள்ளைகளோடு தொண்டு செய்யப் போகிறவர்கள், அங்கே காத்திருப்பவரின் தேவையைத்தான் முதலில் பார்க்கவேண்டும், தங்கள் பிள்ளையின் பெருமையை அல்ல.

தாகந்தீர்த்தான் சாத்தப்பன், பட்டம் பெற்ற நாள் முதல் வீட்டிலும் பிள்ளைகள் கையால்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டான். அறுபதாம் வயதில் ஒரு விருந்தில், தொண்டையில் சோறு அடைத்து, தண்ணீர்ச் செம்பு எதிரிலேயே இருக்க, தூங்கிக்கொண்டிருந்த பேரனை எழுப்பப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் இறந்துபோனான்.