மலைவிழுங்கியின் நீண்ட கை

கிட்டே வந்து உட்காருங்கள், சிறியவர்களே, பெரியவர்களே! வெகு காலத்துக்கு முன்பு சீன தேசத்தில் பெய் சூலின் என்றொரு எழுத்தாளர் இருந்தார். தேவர்களும் அரக்கர்களும் மோதும் பெருங்கதை ஒன்றைப் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதியதை அன்று மாலையே தேநீர்க் கடையில் வாசித்துக் காட்டுவார். கதையில் எதையாவது மாற்றினால், யார் கேட்டு மாற்றினார் என்பதையும் சபையில் சொல்லிவிட வேண்டும். அது அந்தக் கடையின் வழக்கம்.

கதையில் மலைவிழுங்கி என்று ஓர் அரக்கன். பெருந்தொப்பை, இடி போன்ற குறட்டை, எதைக் கண்டாலும் "எனக்கு! எனக்கு!" என்று நீளும் கை. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் காலையில் எண்ணெய் வியாபாரி வந்தார். "ஏனய்யா, ஊரில் வேறு தொப்பையே கிடைக்கவில்லையா உமக்கு?"

பாவம், மனிதர் நொந்துபோயிருந்தார். பெய் சூலின் தொப்பையை எடுத்துவிட்டார்.

மதியம் கோயில் பூசாரி வந்தார். "என் குறட்டை உம் வீடு வரைக்குமா கேட்கிறது?"

குறட்டையும் போயிற்று. மாலையில் கேட்ட இருவரின் பேரையும் சபையில் சொன்னார். கடையே சிரிப்பில் குலுங்கியது.

மூன்றாவதாக, கையூட்டுக்குப் பேர்போன நீதிபதி ஆளனுப்பி அவரை வரவழைத்தார்.

"அந்தக் கையை எடுத்துவிடு. இல்லையென்றால் உன் கதை முழுவதும் அடுப்புக்குப் போகும்!"

பெய் சூலின் கலங்கிப்போனார். இவரை நினைத்தா எழுதினேன்? இல்லையே, பக்கத்து மேசைக் கொழுக்கட்டையை நோக்கி என் கை நீண்டதைப் பார்த்தல்லவா எழுதினேன்! கையும் போய்விட்டால் அரக்கனிடம் என்னதான் மிஞ்சும்?

"எடுத்துவிடுகிறேன், பிரபுவே. ஆனால் யார் கேட்டு எடுத்தேன் என்று இன்று மாலை கடையில் சொல்ல வேண்டும். அது வழக்கம்."

"சொல்லாமல் எடு!"

"தொப்பைக்கும் குறட்டைக்கும் பேர் சொன்னேனே, பிரபுவே. கைக்குச் சொல்லாவிட்டால் கடையில் கேட்பவர்களே ஒரு பேரை வைத்துக்கொள்வார்கள்."

நீதிபதி தாடியைத் தடவினார், கூரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"கை அரக்கனுடையதுதான். அவனிடமே இருக்கட்டும்" என்றார்.

அன்று முதல், கையூட்டாக வாத்தும் பட்டும் ஏந்தி வாசலில் நின்ற வழக்காடிகளை வெறுங்கையோடுதான் உள்ளே வரச் சொன்னாராம்.

கதையில் தன் குறையைக் கண்டவன் மாற்ற வேண்டியது கதையை அல்ல, தன்னைத்தான்.