ஓடு தடவிய நாட்டாமை

வெயில் எட்டாத ஆழ்கடலில் ஒரு சேற்று மேடு இருந்தது. அதைச் சுற்றிலும் கிடுகிடு பள்ளம். அந்த ஒரு மேட்டில் மட்டும் கூம்பு நத்தைகள் வாழ்ந்தன. அவற்றின் ஓடு நுனி குறுகி, கூம்புபோல இருக்கும். தோள்பக்கத்தில் மணி கோத்ததுபோலப் புடைப்புகள் ஓடும். வேறு எந்த நத்தைக்கும் அப்படிக் கிடையாது.

அந்த நத்தைகளில் ஒருத்தி வரியாள். அவள் அப்போதுதான் ஒரு பாறை இடுக்கில் முட்டைப் பைகளை ஒட்டி வைத்திருந்தாள். மற்ற நத்தைக் குஞ்சுகளைப்போல அவள் குலத்துக் குஞ்சுகள் நீந்துவதில்லை. பையை விட்டு வெளியே வந்ததும் அங்கேயே ஊர ஆரம்பித்துவிடும். பள்ளத்தைத் தாண்ட அவற்றால் ஆகாது. பிறந்த மேட்டை விட்டால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

அந்தக் கடலுக்கு நாட்டாமை ஒரு கிழட்டுப் பேய்க்கணவாய். கும்மிருட்டில் கண்ணுக்கு என்ன வேலை? எட்டுக் கைகளாலும் ஓடுகளைத் தடவித் தடவித்தான், எது எந்தக் குலம், எந்தக் குலம் எங்கெங்கே வாழ்கிறது என்று அவர் சொல்லுவார். அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. ஒரே மேட்டில் மட்டும் வாழும் குலத்தை யாரும் வேட்டையாடக் கூடாது!

இந்தச் சட்டத்தால் வயிறெரிந்து கிடந்தான் ஐங்கையன் என்ற நட்சத்திர மீன். அவனுடைய கூட்டாளி கோணையன் என்ற துறவி நண்டு. செத்த நத்தைகளின் ஓட்டுக்குள் குடியிருப்பது கோணையன் கூட்டத்தின் வழக்கம். பிள்ளைகுட்டிகள் பெருகிவிட்டன. ஓடு போதவில்லை.

"மாப்ளே, மேட்டு மேல அவ்வளவு சதை ஊருது. கிட்டப் போக முடியலையே!" என்றான் ஐங்கையன்.

"எனக்குச் சதை எதுக்கு மச்சான்? ஓடு கிடைச்சாப் போதும்."

"அப்ப சரியாப் போச்சு! சதை எனக்கு, ஓடு உனக்கு! ஆனா சட்டம் இருக்கே?"

"இருந்துட்டுப் போகுது. ஒரே மேட்டுல வாழுற குலத்துக்குத்தானே அந்தச் சட்டம்? அதுங்களை நாலு மேட்டுலயும் குடியேத்திட்டா?"

வயதாகிச் செத்த கூம்பு நத்தைகளின் ஓடுகள் மேட்டடியில் உருண்டு கிடந்தன. கோணையனின் சொந்தபந்தமெல்லாம் அவற்றுக்குள் புகுந்துகொண்டது. பள்ளத்தில் இறங்கி ஏறி, எதிர் மேட்டுக்கும் அதற்கு அப்பால் இருந்த மேடுகளுக்கும் போய், சேற்றில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

கோணையன் நாட்டாமையிடம் ஓடினான்.

"ஐயா, அதிசயத்தைக் கேளுங்க! கூம்பு நத்தைங்க எல்லா மேட்டுலயும் இருக்கு!"

நாட்டாமை போய்த் தடவினார். கூம்பு வடிவம் சரி. தோள் புடைப்பும் சரி. ஓட்டின் வாய்ப்பக்கம் மட்டும் அவர் கை போகவே இல்லை. கூம்பு நத்தையின் வாயில் விஷ ஊசி இருக்கிறது, பட்டால் அந்த இடத்திலேயே சாவு என்று கடல் முழுக்கப் பேச்சு.

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நத்தைகள்தாம். உண்மையில் அந்த ஊசி புழு பிடிக்கத்தான் உதவும். மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் கடுக்கும், அவ்வளவே. ஆனாலும், "நாங்க சுறாவையே சாய்ச்சவங்க!" என்று தலைமுறை தலைமுறையாக அளந்துவிட்டார்கள். வரியாளும் அளந்திருக்கிறாள்.

நாட்டாமை மேட்டடிக்கு வந்து எல்லோரையும் கூட்டினார்.

"கூம்பு நத்தை எங்கும் இருக்கிற குலம். இனிமே அதுக்குக் காவல் கிடையாது!"

வரியாளுக்கு உடம்பெல்லாம் ஓட்டுக்குள் சுருங்கியது. ஆனாலும் ஊர்ந்து முன்னே வந்தாள்.

"ஐயா, எங்க குஞ்சு நீந்தாது. இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டியிருக்கும்?"

"அதை நீதான் சொல்லணும். ஓடு அங்கே இருக்கே! என் கை பொய் சொல்லுமா?"

"ஓடு எங்களோடதுதான் ஐயா. உள்ளே இருக்கிறது நாங்க இல்லை! வாய்க்குள்ள கையை விட்டுப் பாருங்க!"

"ஏம்மா, என்னைக் கொல்லவா பாக்கிறே?"

"வேண்டாங்க ஐயா!" என்று கோணையன் குறுக்கே விழுந்தான். "உங்க உசுரு போயிட்டா நாங்க யார்கிட்ட போய் நியாயம் கேக்கிறது?"

வரியாள் தயங்கினாள். பக்கத்திலேயே ஐங்கையன் படுத்திருந்தான். உண்மையைச் சொன்னால் அவன் காதிலும் விழும். சொல்லாவிட்டால் நாட்டாமையின் கை உள்ளே போகாது. முட்டைப் பைகளுக்குள் குஞ்சுகள் புரள ஆரம்பித்திருந்தன.

சொல்லிவிட்டாள்.

"ஐயா... எங்க ஊசியில யாரும் சாக மாட்டாங்க. கொஞ்சம் கடுக்கும், அவ்வளவுதான். சுறா கதையெல்லாம் நாங்களே கட்டிவிட்டது."

நாட்டாமை எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டார்.

"இத்தனை காலம் சுறாவைச் சாய்ச்சோம்னு சொன்ன வாய், இன்னிக்கு மட்டும் கடுக்கும்னு சொல்லுது! கையை உள்ளே விட வைக்கத்தானே இந்த நாடகம்?"

"சத்தியமா இல்லைங்க ஐயா! ஒரே ஒரு கை நுனியை மட்டும்..."

"தீர்ப்பு சொன்னது சொன்னதுதான்!"

நாட்டாமை அவளை நம்பவில்லை. ஐங்கையன் நம்பினான்.

நட்சத்திர மீன்கள் கூட்டம் கூட்டமாக மேடேறின. வரியாள் பாறை இடுக்கை நோக்கி ஊர்ந்தாள். நத்தை எவ்வளவு விரைந்தாலும் நத்தைதானே! அவள் போய்ச் சேர்ந்தபோது முட்டைப் பைகளின்மேல் ஐங்கையன் கவிழ்ந்து கிடந்தான். அவள் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஊசியைப் பாய்ச்சினாள்.

ஐங்கையன் ஒரு கையைத் தூக்கி உதறினான்.

"ஆமாம்டா மாப்ளே, கடுக்கத்தான் செய்யுது! பொய் சொல்லலை இவ!"

பைகளை வழித்து முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"மச்சான், பாத்து!" என்று கோணையன் பின்னாலிருந்து கத்தினான். "ஓடு கீறாமச் சாப்பிடு!"

சில காலம் கழித்து நாட்டாமை மறுபடி சுற்றி வந்தார். எல்லா மேடுகளிலும் தடவினார். போன தடவையைவிட எங்கும் அதிகமான ஓடுகள். எல்லாம் கூம்பு வடிவம், எல்லாம் தோள் புடைப்பு. சில ஓடுகள் அவர் கைக்கடியில் மெல்ல நகரவும் செய்தன. அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"கூம்பு நத்தைக் குலம் இவ்வளவு செழிப்பா என்னைக்கும் இருந்ததில்லை! பாவம் அந்த வரியாள், வீணாப் பயந்தா!"

அப்போது அவர் கைக்கடியில் இருந்தது வரியாளின் ஓடு. அதற்குள் கோணையனின் கடைசி மகன் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே இருப்பது யார் என்று பார்க்கத் துணியாதவர்கள் சொல்லும் கணக்கில், செத்தவர்களும் உயிரோடுதான் இருப்பார்கள்.