சிவக்கொழுந்தின் கால் பாட்டில்

புதுச்சேரியில் மதாம் ஒர்த்தான்ஸிடம் விஸ்கி ருசிக்கக் கற்றுக்கொண்டவர்கள் பலர். சனிக்கிழமை சாயங்காலமானால் அவர் வீட்டு மாடியில் கூடிவிடுவார்கள். குடிக்க இல்லை, மோந்து பார்க்க. சரி, அப்புறம் கொஞ்சம் குடிக்கவும்தான். அதை மறைப்பானேன்!

சீடர்களில் சிவக்கொழுந்து குருவைவிட வயதில் பெரியவர். ஓய்வுபெற்ற பொறியாளர். அங்கே ஆளுக்கொரு பிடித்தம் உண்டு. ஒருவருக்குத் தேன் வாசனை வரும் கிளென்லிவெட். இன்னொருவருக்கு உலர்ந்த திராட்சை மணக்கும் மெக்காலன். சிவக்கொழுந்துக்கோ லகவூலினை விட்டால் மற்றதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். ஈர விறகுப் புகையும் டிஞ்சரும் கலந்த அந்த நெடி ஏறினால் போதும், மனுஷன் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்தப் பிரியமே வினையாகப் போனது. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருந்த சிநேகிதர் அமலோரும் அவரும் சேர்ந்து ஒரு லகவூலின் வாங்கினார்கள். பீப்பாயில் நிறைய வருஷம் கிடந்த சரக்கு. முக்கால் பாட்டில் சிரிப்பும் கேலியுமாகத்தான் காலியானது. ஒரு சனிக்கிழமை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அமலோர் தன் கிளாஸில், அந்த நெடியையே அமுக்கிவிடும் ஐஸ் கட்டி இரண்டைப் போட்டார்.

"அடப்பாவி, காட்டானே! உனக்கெல்லாம் பட்டைச் சாராயமே அதிகம்டா!" என்று கத்திவிட்டார் சிவக்கொழுந்து.

அமலோர் கிளாஸை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மிச்சமிருந்த கால் பாட்டிலை சிவக்கொழுந்து பீரோவில் வைத்துப் பூட்டினார். அவன் வந்து தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், சேர்ந்து குடிப்போம் என்று பிடிவாதமாக இருந்தார். இரண்டு வருஷம் ஓடிப்போனது. அமலோர் வரவில்லை.

இப்போது காதில் விழுந்த சேதி வேறு. அமலோர் வீட்டை விற்றாயிற்றாம். நாளைக் காலை மகளோடு பிரான்சுக்குப் போகிறாராம். இனி இந்தப் பக்கம் வருவதாக இல்லையாம்.

சிவக்கொழுந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். மூச்சு இரைத்தது.

"மதாம், நாளைக்கு அவன் போறான். நான் போய்ப் பாக்கறதா, அவனே வரட்டும்னு இருக்கறதா? யாரு முதல்ல இறங்கி வரணும்? நியாயத்தை நீங்களே சொல்லுங்க."

மதாம் பாட்டிலை வாங்கி ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார்.

"மோந்து பாருங்க சார்."

சிவக்கொழுந்து மூக்கை நுழைத்தார். புகையைக் காணோம். கிளாஸைச் சுழற்றி மறுபடி மோந்தார். நனைந்த அட்டைப்பெட்டி போல ஏதோ ஒரு வாடைதான் வந்தது. ஒரு வாய் குடித்தார். சப்பென்று இருந்தது.

"என்ன மதாம் இது? தண்ணி ஒரு சொட்டு சேரல. வெயில் படல. மூடியைத் தொடக்கூட இல்லையே நான்!"

"சரக்கு கால் பாட்டில். மேல முக்கால்வாசி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லையே."

"காத்து இருந்துச்சு."

சிவக்கொழுந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தார். திறந்த பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் உள்ளே இருக்கும் காற்றே அதைத் தின்றுவிடும் என்பது இதே மாடியில் படித்த முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதை அவரே எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியாததா சார்?" என்றார் மதாம்.

"தெரியும் மதாம். ஆனா அவன் பங்கும் இதுல இருக்கே. அவன் இல்லாம எப்படிக் குடிக்கறது?"

சொல்லும்போதே குரல் உடைந்தது. அறுபதைத் தாண்டிய மனுஷன், கைக்குட்டைகூட எடுக்கத் தோன்றாமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதாம் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

"இதைக் கொடுத்தாவது சமாதானம் ஆயிடலாம்னு மனசுல ஒரு ஓரத்துல நெனச்சிருந்தேன்," என்றார் சிவக்கொழுந்து. "இப்ப வெறுங்கையோட அவன் வாசல்ல எப்படிப் போய் நிப்பேன்?"

மதாம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா கையில வச்சிருந்தீங்களே சார், போனீங்களா?"