தாம்பாளத்தில் பதினொரு போல்ட்டு

வெள்ளிமேட்டு அரண்மனையில் ராஜாவைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்று சம்பளம் வாங்கியவர் ஒருவர்தான். அவர் பெயர் தாண்டவராயன்.

ராஜாவிடம் ஒரு விமானம் இருந்தது. சின்னதுதான். ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு. பதினாறு வருஷமாக ராஜாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தது. இருமும், எண்ணெய் கக்கும், ஒருநாளும் கவிழ்த்ததில்லை.

கேடு பக்கத்துச் சமஸ்தானத்திலிருந்து வந்தது. அந்த ராஜா புது விமானம் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து நம் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே பட்டினி கிடந்தாலும் அவருக்கு நன்றாகச் செரிக்கும். அடுத்தவன் விமானம் பளபளத்தால் உடனே வயிறு கடுக்கும்.

திவான் கோதண்டபாணிக்கு இது போதாதா? ராஜாவின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிற மனுஷன் அவர். மறுநாளே பழைய விமானத்தில் நூற்றெட்டுக் குறைகள் என்று பதினெட்டுப் பக்கம் எழுதிவந்து சபையில் வாசித்தார்.

"இது விமானமே இல்ல மகாராஜா, சவப்பெட்டி. புதுசு வாங்கிடலாம்" என்று முடித்தார். அந்த விமானத்தில் அவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பது தாண்டவராயனுக்குத் தெரியும். பழையதே நல்லது என்று சொல்லித்தான் பார்த்தார். ராஜா காதில் ஏறவில்லை.

புது விமானம் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தது. பூட்டிக் கொடுக்கக் கம்பெனி ஆள் வர இரண்டு மாதம் ஆகும். ராஜாவுக்கோ இரண்டு நாள் பொறுக்காது. திவானுக்கு ஒரு மைத்துனர், சேஷாசலம் என்று பெயர். ஹார்மோனியம் பழுதுபார்க்கிறவர். அதுவும் காற்று, இதுவும் காற்று என்று நினைத்தாரோ என்னவோ, நாலே நாளில் விமானத்தைப் பூட்டி நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டுத் திரும்பினால் கீழே பதினொரு போல்ட்டுகள் கிடந்தன.

வேறு ஊராக இருந்தால் மறுபடி பிரித்துப் பார்ப்பார்கள். வெள்ளிமேட்டில் அவற்றைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வெள்ளித் தாம்பாளத்தில் பரப்பி, புது வாகன பூஜைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டார் ராஜா.

"மிச்சம் மகாராஜா. கம்பெனிக்காரன் தாராளமா போட்டு அனுப்பியிருக்கான்" என்றார் சேஷாசலம்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்து ராஜாவுக்கு ஒரு போல்ட்டுகூட மிஞ்சவில்லையாம்.

அன்று சாயங்காலம் விமான ஓட்டி அருளப்பன் தாண்டவராயனைத் தேடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"வெள்ளிக்கிழமை ராஜா ஏறுறதுக்கு முன்னாடி நான் தனியா ஓட்டிக் காட்டணுமாம்யா. போல்ட்டைப் பத்திச் சொன்னேன். பழசு மேல உள்ள பாசத்துல புதுசைக் குறை சொல்றேன்னுட்டாங்க. ஏறலைன்னா வேலை போயிடும். ஏறினா நானே போயிடுவேன்."

"திவானுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? தரையில ஓட்டிப் பார்த்தப்போ றெக்கை ஆடினதை அவரும் பார்த்தாரு. பெயிண்ட் காய்ஞ்சா சரியாயிடும்னாரு."

தாண்டவராயனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவன் உயிரைவிட ராஜாவின் ஒரு புன்னகை பெரிதாகப் போய்விட்டதா இந்த ஆளுக்கு?

"நீ வீட்டுக்குப் போ அருளப்பா. வெள்ளிக்கிழமை தைரியமா வா" என்றார்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் இரண்டு விமானங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தாம்பாளமும் வந்திருந்தது. அருளப்பன் புது விமானத்தின் அருகில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றான்.

"மகாராஜா, ஒரு சந்தேகம்" என்றார் தாண்டவராயன். "நம்ம சமஸ்தானத்துல புது யானை வாங்கினா முதல்ல யார் ஏறணும்?"

"நல்ல யானைன்னு சிபாரிசு பண்ணினவன் ஏறணும். எங்க பாட்டனார் காலத்து வழக்கமாச்சே."

"குதிரைக்கு?"

"அதேதான்."

"விமானம் அதையெல்லாம்விட உசரமாப் போற வாகனம். இதுக்கு மட்டும் வழக்கத்தை விட்டுட்டோம்னு பக்கத்து ராஜா நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்பாரேன்னு பார்க்கறேன்."

பக்கத்து ராஜா என்ற பேச்சு வந்ததுமே ராஜாவின் மீசை துடித்தது.

"திவான், நீர் பின்னால ஏறும். அருளப்பன் ஓட்டட்டும்."

"பழசை நல்லதுன்னு சொன்னவன் நான். என் முறை வர்ற வரைக்கும் அதுல உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தாண்டவராயன் பழைய விமானத்தின் பின்னிருக்கையில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார்.

திவான் புது விமானம் வரைக்கும் நடந்தார். ஒரு காலைத் தூக்கி வைத்தார். கண் தாம்பாளத்துக்குப் போனது. பதினொன்றையும் உதடு அசைய எண்ணினார். காலைக் கீழே எடுத்தார்.

"மகாராஜா, இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம். புதுசு எதுலயும் ஏறக் கூடாது."

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏதாவது ஒண்ணுல ஏறித் தொலையும்யா. இன்னிக்கு ஏறாதவன் நாளைக்குத் திவானா இருக்க வேண்டாம்."

அவ்வளவுதான். திவான் திரும்பி ஓடினார். அந்த உடம்பு அத்தனை வேகமாக ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நேரே பழைய விமானத்தில் தொற்றி ஏறினார். உட்கார்ந்திருந்த தாண்டவராயனின் மடியிலேயே அமர்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சவப்பெட்டின்னு சொன்னீரே" என்றார் ராஜா.

திவான் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தாண்டவராயனின் குரல் நசுங்கி வந்தது.

"மகாராஜா, திவான் எழுதின நூத்தியெட்டுக் குறையில ஒண்ணு விட்டுப்போச்சு. நூத்தியொம்பதாவதா அவரையே எழுதிக்கச் சொல்லுங்க. பழைய விமானத்துல இடம் பத்தல."

ராஜா திவானைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கொஞ்சம் வெட்கப்பட்டார், பிறகு தலைப்பாகை நழுவும்வரை சிரித்தார். கம்பெனி ஆள் வந்து பிரித்துப் பூட்டுகிறவரை புது விமானத்தை யாரும் தொடக் கூடாது என்றும், அதுவரை அருளப்பன் ஓட்டுகிற பழையதிலேயே தாம் போவதாகவும் அங்கேயே உத்தரவு போட்டார்.

பிறகு பரிசு கொடுத்தார். வெள்ளித் தாம்பாளம் தாண்டவராயனுக்கு. அதிலிருந்த பதினொரு போல்ட்டும் திவானுக்கு.