வெட்டிப் போட்டது

வேதநாயகி வீடியோ எடுக்கிறவர். சினிமா இல்லை, சீரியலும் இல்லை. கூரை ஒழுகி ஒரு பானை நிறைவதை எடுத்து, இருட்டு அறையில் சுவர் முழுக்க ஓடவிட்டார். பார்த்தவர்கள் எழுந்து போக மறந்தார்கள். அதன் பிறகு பல ஊர்களில் பலரும் அவர் மாதிரியே எடுக்க ஆரம்பித்தார்கள்.

அவரிடம் சீடராக வந்தவர் பால்துரை. குருவைவிட வயசில் மூத்தவர். கல்யாண வீடியோ கடையை மூடிவிட்டு வந்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் அவருடைய முதல் படம். அடுப்பில் உலை கொதிக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் சுவரில் ஓட்டிப் பார்த்தபோது கூட்டிப் பெருக்க வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"நல்லாருக்கு. வேதநாயகியம்மா எடுத்ததுதானே?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பால்துரைக்கு முகம் செத்துப்போனது.

"டீச்சர், என் படம் வேண்டாம்."

"ஏன் அண்ணே?"

"கடையையும் மூடியாச்சு. இங்கயும் உங்க நிழலாத்தான் நிக்கேன். என்னோடதுன்னு என்ன இருக்கு?"

வேதநாயகி பால்துரையின் பூட்டுப் போட்ட பையைக் காட்டினார்.

"அதுல ஏதோ ஹார்ட் டிஸ்க் இருக்கே?"

"அது குப்பை டீச்சர். கல்யாண வீட்டுக்காரங்க வெட்டச் சொன்னது."

"குப்பைக்கு யாராவது பூட்டுப் போடுவாங்களா?"

டிஸ்கை வாங்கி புரொஜெக்டரில் மாட்டினார். சுவரில் படம் ஓடியது.

மாப்பிள்ளை மாலைக்குள் கையை விட்டுச் சொறிந்தார். பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

பிறகு மணப்பெண்ணின் அம்மா. பந்திக்குப் பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை அழுக்காவதுகூடத் தெரியவில்லை.

சிரிப்பு நின்றது. ஒருத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"இதை ஏன் அண்ணே அழிக்கல?" என்று கேட்டார் வேதநாயகி.

"தெரியல டீச்சர். வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். அழிக்க மனசு வரல."

வேதநாயகி உலை கொதிக்கும் படம் இருந்த பென்டிரைவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், அது என்னோட..."

"இது நான் எடுத்ததுதானே அண்ணே! நானே வச்சுக்கறேன். நீங்க போய் அந்தக் கல்யாணப் பொண்ணோட அம்மாகிட்ட, இதைக் காட்டலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. சரின்னு சொன்னா, ஞாயித்துக்கிழமை இதையே ஓட்டி, சுவத்துல உங்க பேரை எழுதுங்க."